அப்பாகூட சேர்ந்து எக்சர்சைஸ் பண்றவங்க யாராவது உண்டா? (குலசேகரம் பக்கம்)

பால்வெட்டுக்காரன் மகன் | 9 ஜூன் 2025, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்க மட்டும்தான் செய்தேன். முதல் தடவையா இழை போடுறேன், தப்பான பகுதியில போட்டிருந்தா மாத்தி விடுங்க.

எனக்க அப்பாவுக்கு 72. முப்பத்தஞ்சு வருஷம் ரப்பர் பால்வெட்டு. விடியக்காலம் மூணரைக்குத் தலையில லைட்டக் கட்டிட்டு இறங்கினா 300 மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடிச்சுப் போட்டுட்டு பதினொரு மணிக்குத்தான் கஞ்சிக்கு வருவார். நாலு வருஷம் முன்ன விட்டாச்சு. அதுக்குப் பிறகும் மரச்சீனி (மரவள்ளி) நடுறது, ஓலை வெட்டுறதுன்னு ஏதோ செய்துட்டுதான் இருந்தார். இந்த பிப்ரவரியில குளிமுறியில வழுக்கி விழுந்துட்டார். எலும்பு ஒண்ணும் முறியல. ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம், "மூணு மாசம் ரெஸ்ட்"னு ஒரே வரியில எழுதித் தந்துட்டாங்க. ரெஸ்ட் எடுத்த பிறகு என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை இல்ல.

அப்பா ரெஸ்டையும் பால்வெட்டு மாதிரியே சிரத்தையா எடுத்துட்டார். காலைல திண்ணையில இருந்தா மத்தியானம் வரை அங்கதான். இப்போ நாற்காலியில இருந்து எழும்ப ரெண்டு கையையும் தொடையில ஊனி, "முருகா"ன்னு ஒரு மூச்சு விட்டுத்தான் எழும்புறார். தொடை ரெண்டும் சூம்பிப் போச்சு. வேட்டி கட்டியிருக்கும்போது தெரியல, எண்ணெய் தேய்ச்சு விடும்போதுதான் பாத்தேன்.

எனக்கு 41. மார்த்தாண்டத்துல கணக்கு எழுதுற வேலை, நாள் முழுக்க இருப்பு. சுகர் பார்டர்ல நிக்குது, என்னையும் நடக்கச் சொல்லியிருக்காங்க. சேந்து செய்தா ரெண்டு பேருக்கும் ஆகும்னு நினைச்சு ஆன்லைன்ல இழுத்து எக்சர்சைஸ் செய்ற ரப்பர் பேண்டு ரெண்டு வாங்கினேன். நீலம் அவருக்கு, சிவப்பு எனக்கு. மூணாம் நாள் நீலத்தைத் தேடினா அது கோழிக்கூட்டுக் கதவைக் கட்டியிருக்கு. நல்ல பிடிமானமாம்.

கேட்டா, "முப்பத்தஞ்சு வருசம் குனிஞ்சு நிமிந்தவனுக்கு இனி என்னத்துக்குடே எக்சசைஸ்?"

அப்பா அம்மாகூட சேர்ந்து செய்றவங்க எப்படித் தொடங்குனீங்க?

---

சானல்கரை | 9 ஜூன் 2025, இரவு 11:15

கோழிக்கூட்டுக் கதவு! எங்க வீட்ல யோகா மேட்ல வத்தல் காயுது.

எனக்கு அம்மா. 66. சாயங்காலம் அனந்தனார் சானல் (கால்வாய்) கரையில நடக்கப் போவோம். போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர். இதுக்கு எங்களுக்கு ஆகுற நேரம் ஒண்ணேகால் மணிக்கூர். அம்மா எதிர்ல வர்ற ஆளையெல்லாம் நிப்பாட்டி, மகளுக்குக் கல்யாணம் ஆச்சா, மருமவ எப்படி, வெத்தலை என்ன விலைன்னு கேட்டு முடிச்சாத்தான் அடுத்த எட்டு. முதல் மாசம் தினமும் சண்டை. "நடக்க வந்தியா, கதை பேச வந்தியா?"ன்னு நான். "ரெண்டுக்கும்தான்"ன்னு அவங்க.

இப்போ நான் கேக்குறதை விட்டுட்டேன். அவங்க பேசுற நேரத்துல நான் நின்ன இடத்துல குதிங்காலைத் தூக்கித் தூக்கி இறக்குறேன். பாக்குறவங்க என்ன நினைப்பாங்களோ, போட்டு.

---

வெட்டூர்ணிமடம் அண்ணாச்சி | 10 ஜூன் 2025, காலை 6:05

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு 63. உங்க அப்பா பக்கம்தான் நான் பேசுவேன். ஒரு மனுஷன் முப்பத்தஞ்சு வருஷம் மலையிலயும் மழையிலயும் அட்டைக்கடியிலயும் பாடுபட்டிருக்கார். அவரைப் போய் "கையைத் தூக்கு, காலைத் தூக்கு"ன்னா எப்படி இருக்கும்? பட்டாளத்துல சேத்த மாதிரி. அந்தக் காலத்து உடம்பு அது, இப்போ ரெஸ்ட் கேக்குது. விட்டுருங்க. பிள்ளைகளுக்கு அண்ணா ஸ்டேடியத்துல நாலு பேர் நடக்கறதப் பாத்துட்டு வந்து வீட்ல இருக்கிற கிழடுகளைப் போட்டு வாட்டுறது ஒரு ஃபேஷன் ஆகிப்போச்சு.

---

பால்வெட்டுக்காரன் மகன் | 10 ஜூன் 2025, காலை 8:20

அண்ணாச்சி, நீங்க சொல்றதும் ஞாயம்தான். ஆனா ரெஸ்ட்டுன்னா சுகமா இருக்கணும் இல்லியா? அப்பா சுகமா இல்ல. போன வாரம் ராத்திரி எழும்பி ஒண்ணுக்குப் போகப் பயந்து, விடியும்வரை அடக்கிட்டுக் கிடந்திருக்கார். அம்மாதான் சொன்னா. அவருக்க வாயில இருந்து வரல.

---

தக்கலை பிசியோ | 10 ஜூன் 2025, இரவு 9:30

நான் பிசியோதெரபிஸ்ட். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்லமுடியாது, உடற்பயிற்சியும் அப்படித்தான். ஆனாலும் பொதுவாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

அண்ணாச்சிக்கு முதலில். "அந்தக் காலத்து உடம்பு" என்பது உண்மை. ஆனால் தசைக்குப் பழைய கணக்கு கிடையாது. வேலை கொடுத்தால் இருக்கும், கொடுக்காவிட்டால் போய்விடும். இளவயதில் பத்து நாள் படுத்தாலும் மீண்டு வரும். எழுபதில் அதே பத்து நாளில் தொடைத் தசை கணிசமாகக் கரையும், திரும்ப வர மாதங்கள் பிடிக்கும். விழுந்த பிறகு ஓய்வு, ஓய்வால் பலவீனம், பலவீனத்தால் பயம், பயத்தால் மேலும் ஓய்வு. ராத்திரி எழும்பப் பயந்தது இந்தச் சுற்றில்தான் வருகிறது.

நடை மட்டும் போதுமா என்று என்னிடம் எல்லாரும் கேட்பார்கள். போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் 2 நாளாவது தசை வலுவுக்கு, 3 நாளாவது தடுமாறாமல் நிற்கும் திறனுக்கு என்று சேர்த்தே சொல்கிறார்கள். நம் ஊரில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை. கை இல்லாத, 17 அங்குல உயர நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், முதுகைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டி, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழும்பி உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70–74 வயது ஆணுக்கு 12-க்குக் கீழே, பெண்ணுக்கு 10-க்குக் கீழே என்றால் விழும் அபாயம் கூடுதல். கையை ஊன்றித்தான் எழும்ப முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம்.

பூஜ்யம் வந்தால் வருத்தப்பட வேண்டாம், அங்கிருந்தே தொடங்கலாம். நாற்காலியில் கெட்டியான ரெண்டு தலையணை போட்டு உயரம் கூட்டுங்கள். உயரம் கூடினால் தொடைக்குப் பாரம் குறையும், கை ஊன்றாமல் எழும்ப வரும். எட்டு முறை, கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். எழும்பும்போது மூச்சை அடக்கக்கூடாது, வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானே போகும். மூட்டு வலி லேசாக இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியோ வீங்கியோ இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், படுத்து எழும்பினதும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டு நிற்கட்டும். எழும்பி நின்றதும் மேல் பிரஷர் 20 புள்ளி இறங்கினால் தலை சுற்றும். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், குளிமுறியில் விழுந்ததே அதனாலும் இருக்கலாம். நெஞ்சுவலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுமுட்டல், மயக்கம் வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

கடைசியாக ஒன்று. நடக்கும்போது அப்பாவின் கையை நீங்கள் பிடிக்காதீர்கள். உங்கள் கையை அவர் பிடிக்கட்டும். நீங்கள் பிடித்தால் அவர் சமநிலை உங்கள் கையில் போய்விடும்.

---

பால்வெட்டுக்காரன் மகன் | 12 ஜூன் 2025, இரவு 10:10

டாக்டர், ரொம்ப நன்றி. அப்பா: பூஜ்யம். ரெண்டு தலையணை போட்டு: 7.

அவரு கேட்டார், "நீ எத்தனைடே?" நான் 13. அதுவும் கடைசி மூணு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. அப்பா ஒண்ணும் சொல்லல, ஒரு சிரிப்பு மட்டும். பிப்ரவரிக்குப் பிறகு இப்பதான் அந்தச் சிரிப்பைப் பாக்குறேன்.

---

சானல்கரை | 12 ஜூன் 2025, இரவு 10:31

அந்தச் சிரிப்புக்காகவே நீங்க 13-லயே நிக்கலாம்.

---

சுவடு | 15 ஜூன் 2025, பிற்பகல் 3:48

மணவாளக்குறிச்சி பக்கத்துல இருந்து. என் அப்பாவுக்கு 68. சின்ன வயசுல ஒரு ஆசான்கிட்ட அடிமுறைங்கிற தற்காப்புக்கலை படிச்சவர். அப்புறம் கல்யாணம், கயிறு யாவாரம், எல்லாம் போச்சு. முட்டுவலி வந்ததும் ஒரு இடத்துல பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். பந்தை முட்டுக்கு நடுவுல வச்சு அமுக்கச் சொன்னாங்க. பத்து நாள்ல பந்து பேரப்பிள்ளைகிட்ட போயிட்டு.

ஒருநாள் நான்தான் சும்மா கேட்டேன், "அப்பா, சுவடு எப்படி வைக்கணும்?" அவ்வளவுதான். எழும்பி முற்றத்துக்கு வந்துட்டாங்க. கரிக்கட்டையை எடுத்து சிமெண்டு தரையில கோடு கிழிச்சாங்க. என்னை நிக்க வச்சாங்க. முன்கால் மடங்கணும், பின்கால் நீளணும், பின்கால் குதி தரையை விட்டு எழும்பக்கூடாது. நான் நின்னதும் எனக்க குதிக்கடியில தீப்பெட்டி அட்டையைச் சொருகிப் பாத்தாங்க. அட்டை உள்ள போச்சு. "குதி பொங்குது. பாரம் எங்க நிக்குதுன்னு உனக்கே தெரியல."

அதுல இருந்து தினமும் காலைல இருபது நிமிஷம். சாடுறது கிடையாது, அடி கிடையாது, பைய பைய சுவடு மட்டும். முன்னால போய், திரும்பி, பின்னால வந்து. எனக்குச் சொல்லித் தர்றதா நினைச்சு அவங்களும் கூடவே செய்றாங்க. முட்டு எவ்வளவு மடங்கலாம்னு அவங்களே அளவு வச்சிருக்காங்க. ஒன்பது மாசம் ஆச்சு. கோயில் படியில கைப்பிடியைப் பிடிக்காம இறங்குறாங்க இப்போ. வலி போச்சான்னு கேட்டா, "வலி கெடக்கு, நான் அதைப் பாக்க நேரமில்ல"ங்கிறாங்க.

பிசியோ மேடம், இது சரிதானா? ஏதாவது கெடுதல் வருமா?

---

தக்கலை பிசியோ | 15 ஜூன் 2025, இரவு 8:55

தீப்பெட்டி அட்டையை நான் திருடிக்கொள்கிறேன், நாளை முதல் என் கிளினிக்கில் அதுதான்.

சரிதான். பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக, கட்டுப்பாட்டோடு மாற்றுவதுதான் தடுமாற்றத்துக்குச் சிறந்த பயிற்சி. சீனாவின் தாய்ச்சி பயிற்சி முதியவர்கள் விழுவதைக் குறைப்பதாக நிறைய ஆய்வுகள் உண்டு, அதன் அடிப்படை அசைவும் இதுதான். உங்கள் அப்பா முட்டை எவ்வளவு மடக்குவது என்று தானே அளவு வைத்திருப்பது நல்லது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள சுவரோ தூணோ இருக்கட்டும். வெறும் காலோடு ஈரத் தரை மட்டும் வேண்டாம்.

---

குவைத் 5ஆம் பிளாக் | 16 ஜூன் 2025, காலை 7:40

ஊர் பேரு இணையம், குமரிக் கடற்கரை. அம்மா தனியா இருக்கா, 70. நான் குவைத்துல. "சேந்து"ன்னு தலைப்பு பாத்ததும் எனக்கில்லன்னு நினைச்சேன். ஆனா செய்றோம். இங்க காலைல நாலரை, அங்க ஏழு. போனை அம்மா அரிசி டப்பா மேல சாய்ச்சு வப்பா. எனக்கு அம்மாவோட முட்டு மட்டும் தெரியும், தலை தெரியாது. "இன்னும் கொறச்சு பின்னால போம்மா" சொல்லிச் சொல்லி அஞ்சு நிமிஷம் போவும்.

அடுக்களைத் திண்டைப் பிடிச்சுட்டு குதிங்கால் தூக்குறது 15, நாற்காலியில இருந்து எழும்புறது 10, சுவரைத் தள்ளுறது 10. மொத்தம் கால் மணிக்கூர். ரூம்ல கூட இருக்கிறவன் முதல்ல சிரிச்சான். இப்போ அவனுக்க அம்மாவும் காலைல வீடியோல. ஒரு மொபைல்ல எங்க அம்மா, இன்னொண்ணுல அவன் அம்மா, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மீன் விலை விசாரிப்பாங்க.

---

வெட்டூர்ணிமடம் அண்ணாச்சி | 18 ஜூன் 2025, காலை 6:12

பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கை ஊனாம எழும்பிப் பாத்தேன். எண்ணிக்கை சொல்லமாட்டேன்.

அது போட்டும். எனக்க மருமகன் ஒரு வாட்ச் வாங்கித் தந்துட்டான், தினம் 10,000 எட்டு வைக்கணும்னு. நாலாயிரத்துலயே கால் கெஞ்சுது. அது என்ன கணக்கு?

---

தக்கலை பிசியோ | 18 ஜூன் 2025, இரவு 9:02

அண்ணாச்சி, அந்தப் பத்தாயிரம் ஆய்வு செய்து கண்ட கணக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு எட்டு எண்ணும் கருவியின் பெயர் அது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு "பத்தாயிரம் எட்டு அளவி" என்று பொருள். பெயர் நன்றாக இருந்தது, உலகம் பிடித்துக்கொண்டது.

2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு ஆய்வு வந்தது. தினம் சுமார் 2,700 எட்டு வைத்தவர்களைவிட 4,400 வைத்தவர்களின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவு. 7,500-க்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் நடப்பார்கள் என்ற சிக்கல் இந்த மாதிரி ஆய்வில் எப்போதும் உண்டு. ஆனாலும் உங்கள் நாலாயிரம் வீண் இல்லை. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும்.

---

வெட்டூர்ணிமடம் அண்ணாச்சி | 19 ஜூன் 2025, காலை 6:00

எனக்குப் பாட்டு எப்பவுமே வராது. செரி.

---

கோட்டாறு கடைக்காரர் | 2 ஜூலை 2025, இரவு 11:20

ஒரு எச்சரிக்கைக்காக எழுதுறேன். எங்க அப்பாவுக்கு 74, சுகர் இருபது வருஷமா. கிளிமிபிரைடு மாத்திரை. எனக்கு காலைல அஞ்சரைக்கு விட்டா நேரம் கிடையாது, கடை திறக்கணும். அதனால அஞ்சரைக்கே அவரையும் எழுப்பி வெறும் வயித்துல ஸ்டேடியம் பக்கம் கூட்டிட்டுப் போவேன். ராத்திரி அவர் சரியா சாப்பிடலைன்னு எனக்குத் தெரியாது. மூணாவது ரவுண்டுல பேச்சு குழறுது. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. நான் ஹார்ட் அட்டாக்னு நினைச்சுட்டேன். பக்கத்துல நடந்துட்டிருந்த ஒரு அம்மாதான், "சுகர் உண்டா?"ன்னு கேட்டு பையில இருந்து குளுக்கோஸ் எடுத்து வாயில போட்டாங்க. பத்து நிமிஷத்துல ஆள் தெளிஞ்சுட்டார்.

என் தப்புதான். என் நேரத்துக்கு அவரை இழுத்தேன்.

---

தக்கலை பிசியோ | 3 ஜூலை 2025, இரவு 9:15

எழுதியதற்கு நன்றி. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கவே கூடாது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. எதுவானாலும் சட்டைப்பையில் மூணு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ பொட்டலமாக இருக்கட்டும், சுமார் 15 கிராம். குழறுகிற ஆள் விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 கூப்பிடுங்கள்.

இன்னொன்று. பிரஷருக்கு மெட்டோபுரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு நெஞ்சு படபடப்பே தெரியாது. இதயத் துடிப்பை வாட்சில் பார்த்து வேகம் கூட்டாதீர்கள்.

---

சொத்தவிளை காத்து | 5 ஜூலை 2025, மாலை 6:44

பீச்ல நடக்கிறவங்களுக்கு ஒண்ணு: காஞ்ச மணல் பெரியவங்களுக்கு ஆகாது, கால் புதைஞ்சு கணுக்கால் புரளும். அலை வந்து போன கெட்டி மணல்தான் நல்லது. ஆனா அதுக்குக் கடலை ஒட்டி நடக்கணும், இந்த மாசங்கள்ல அது சரிவராது. கள்ளக்கடல்னு எச்சரிக்கை வந்த நாள் பீச் பக்கமே போகாதீங்க. இங்க காத்து அடிக்காமலேயே எங்கயோ தூரத்துக் கடல்ல கிளம்பின அலை வந்து ஏறும். வயசானவங்க திரும்பி ஓட முடியாது.

---

தாமரைக்குளம் | 20 ஜூலை 2025, இரவு 8:08

எங்க அம்மா 71 வயசுல இன்னும் குளத்துல நீந்துறாங்க. அவங்க தலைமுறையில ஊர்ல எல்லாப் பெண்களுக்கும் நீச்சல் தெரியும். ஜம்பரும் பாவாடையும் போட்டுட்டு அந்தக் கரை வரை போயிட்டு வருவாங்க. முட்டு தேஞ்சிருக்கு, தரையில நடக்க வலி, தண்ணிக்குள்ள வலி இல்ல.

எனக்கு 38, எனக்கு நீச்சல் தெரியாது. படிக்க அனுப்பினாங்க, குளத்துக்கு அனுப்பல. இப்போ அவங்ககிட்ட படிக்கிறேன். இடுப்புல ரெண்டு காஞ்ச தேங்காயைக் கட்டிவிட்டிருக்காங்க. ஊர்ப் பிள்ளைங்க கரையில நின்னு சிரிக்குது.

குளம் பாதி பாசி. மனு குடுத்தாச்சு. ஒரு வருஷமா மனு மனுவாவே இருக்கு.

---

பால்வெட்டுக்காரன் மகன் | 24 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 1:35

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

தலையணை ரெண்டும் போயாச்சு. 30 நொடியில அப்பா 10. நான் 17.

நடுவுல மூணு வாரம் நின்னு போச்சு. கணக்கு முடிக்கிற நேரம்னு நான்தான் டிமிக்கி குடுத்தேன். நான் செய்யாத நாள்ல அவரும் செய்யல. "நீ வரட்டும்னு இருந்தேன்"னார். அதுதான் என்னைக் குத்திச்சு.

இனி விஷயத்துக்கு வாறேன். சுவடு அக்கா எழுதினதை வாசிச்சதுல இருந்து எனக்கு ஒரு யோசனை. எங்களுக்கு நாப்பது சென்டு உண்டு, எழுபது மரம். வேற ஆள்தான் வெட்டுறார். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் கீழ்வரிசை இருபது மரத்தை எங்களுக்கு விடச் சொன்னேன். அது சமதரை. போன மூணு ஞாயிறா அப்பாவும் நானும் வெட்டுறோம்.

எனக்கு பால்வெட்டு தெரியாது. பால்வெட்டிப் படிக்கவச்ச பிள்ளை கத்தியைத் தொடக்கூடாதுன்னு வளத்துட்டார். இப்போ சொல்லித் தர்றார். வெட்டு இடது மேல இருந்து வலது கீழ சரியணும், மரத்துக்குள்ள பால் ஓடுற குழல் சாய்ஞ்சு போறதால அப்படி வெட்டினாத்தான் நிறைய குழல் அறுபடும். வெட்டுல உறைஞ்சு காஞ்சு கிடக்கிற பழைய ஒட்டுப்பாலை உரிச்சு எடுக்கணும். கத்தியை இழுக்கும்போது கை மட்டும் போகக்கூடாது, ஆளே மரத்தைச் சுத்திப் போகணும். பட்டை சீவல் நூல் மாதிரி மெலிசா வரணும். ஆழம் போனா தடியில காயம் பட்டு, பட்டை ஆறி வரும்போது முண்டு முண்டா வீங்கும், பிறகு அந்த இடத்துல வெட்டவே முடியாது.

பழைய மரம்னா வெட்டு முட்டுக்குக் கீழ இறங்கியிருக்கும். குத்த வச்சுத்தான் வெட்டணும். ஒரு மரத்துக்கு ஒரு தடவை இருந்து எழும்பணும். மூணாவது மரத்துல எனக்குத் தொடை நடுங்கிச்சு. அப்பதான் கணக்குப் போட்டேன்: ஒரு காலைல 300 தடவை. முப்பத்தஞ்சு வருஷம். மனுஷன் "எனக்கு என்னத்துக்கு எக்சசைஸ்"னு கேட்டது சும்மா இல்ல.

அப்பா உயர வெட்டு உள்ள மரத்தை மட்டும் வெட்டுறார், மரத்தைப் பிடிச்சுப் பாதி குனிவார். நான் தாழ்ந்தது. இருபது மரம் முடிய ஒரு மணிக்கூர். நான் பத்து, அப்பா பத்து.

---

தக்கலை பிசியோ | 24 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

7-இலிருந்து தலையணை இல்லாமல் 10. இந்த மாதம் நான் கேட்ட நல்ல செய்தி இதுதான். 12 வரை நாற்காலியை விடாதீர்கள், தோட்டம் அதற்குப் பதில் அல்ல.

தோட்டத்தில் எனக்குப் பயம் கத்தி இல்லை. ஈர இலைச் சருகுக்கு அடியில் கிடக்கும் வேர்தான் பயம். மழை பெய்த மறுநாள் வேண்டாம். வார் இல்லாத செருப்பு வேண்டாம். முந்தின நாளே நீங்கள் போய் மரத்துக்கு மரம் வழியைக் கூட்டிவிடுங்கள். அப்பா கையில் கத்தி இருக்கும்போது பின்னால் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள், திரும்புவார்.

இன்னொன்று: விழுந்தால் எழும்புவதையும் ஒருநாள் பழகுங்கள். பாய் விரித்து, ஒருக்களித்து, முழங்கை ஊன்றி, முட்டுப்போட்டு, நாற்காலியைப் பிடித்து. விழுந்தால் எழும்பத் தெரியும் என்று தெரிந்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும். மூட்டு தேய்மானம் அதிகம் இருந்தால் முட்டுக்கடியில் துண்டு மடித்துப் போடுங்கள்.

---

சுவடு | 25 ஆகஸ்ட் 2025, காலை 5:50

"நீ வரட்டும்னு இருந்தேன்." எங்க அப்பாவும் இதே. நான் பேறுகாலத்துக்குப் போன அக்கா வீட்ல ஒரு வாரம் நின்னுட்டு வந்தா, கரிக்கோடு அழிஞ்சு கெடக்கு.

---

பால்வெட்டுக்காரன் மகன் | 12 அக்டோபர் 2025, மாலை 5:20

நேத்து அப்பாவை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு (ஆத்துக்கு மேல தண்ணி கொண்டு போற பாலம்) கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தார். மேல நடந்து போயிட்டு வந்தோம். சூப்பரா இருந்துச்சு. இந்த இழையை அப்பாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். அவருக்கு சில திருத்தங்கள் உண்டாம். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். மாத்தாம அப்படியே போடணும்னு கண்டிஷன்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்க மகன் எழுதினதுல கொறச்சு பிழை உண்டு. 300 மரம் இல்ல, 340. அவன் பத்து மரம், நான் பத்துன்னு எழுதியிருக்கான். நான் பதினாலு. அவன் ஆறு. அந்த ஆறுல ரெண்டு மரம் காயம். அவனுக்குக் கத்தி பிடிக்க வராது, அது போட்டு, கணக்கு எழுதுற கை.

கோழிக்கூட்டுல கட்டின ரப்பர் இன்னும் அங்கதான் இருக்கு, நல்ல சாதனம்.

பாலத்துல நடந்ததையும் அவன் சரியாச் சொல்லல. அது கட்டினது 1966, எனக்கு வயசு 13, கட்டும்போதே பாத்தவன். உயரம் 115 அடி. பாதியில எத்தினதும் கீழ ஆத்தைப் பாத்துட்டு இவன் நின்னுட்டான். கால் எடுக்கல. கைப்பிடியை விடல. நான்தான் கையை நீட்டினேன். இவன் என்னைப் பிடிக்க வந்தான், நீ என்னைப் பிடிக்காண்டாம், நான் உன்னைப் பிடிக்கேன்னு சொன்னேன். அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தைதான், ஆனா பயந்தவன் இவன், தாங்கினவன் நான், அவங்க ஷமிக்கணும்.

ராத்திரி இப்போ நானே எழும்பிப் போறேன். அதை இவன் எழுதல, மறந்துட்டான்.

ஒரு சந்தேகம். இனி சாயங்காலம் சானல் கரையில நடக்கலாம்னு இருக்கோம். அங்க பட்டி (நாய்) நிறைய உண்டு. கம்பு கொண்டு போனா கடிக்குமா, கொண்டு போகாட்டி கடிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

---

சானல்கரை | 12 அக்டோபர் 2025, மாலை 5:58

அப்பா, வணக்கம். கம்பு கொண்டு போங்க, ஆனா வீசாதீங்க, ஊனிட்டு நடங்க. எங்க அம்மா ரெண்டு பிஸ்கட் கொண்டு போவாங்க. இப்போ அதுங்களும் எங்ககூட ஒண்ணேகால் மணிக்கூர் நடக்குது.